பிள்ளைக்குச் சப்பாத்துக் கயிறு கட்டப் பழக்குவது எப்படி?

முதலாம் ஆண்டுக்குப் போகும் பிள்ளைக்குப் புத்தகப்பை, சீருடை, சப்பாத்து எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். அந்தச் சப்பாத்தின் கயிற்றைப் பிள்ளைக்குத் தானே கட்டத் தெரியுமா என்று பலரும் கவனிப்பதில்லை.

ஜோகூரில், லாபிசுக்கும் பாலோவுக்கும் இடையே இரயில் பாதையில் இருக்கும் பெக்கோக் போன்ற ஊர்களில், விடியுமுன்னே வேலைக்குக் கிளம்பும் பெற்றோர் உண்டு. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பு பாட்டிக்கோ அக்காளுக்கோ வந்துவிடுகிறது. ஓய்வு நேரத்தில் கயிறு அவிழ்ந்தால் அவர்களும் பக்கத்தில் இருக்கமாட்டார்கள். அவிழ்ந்த கயிற்றை மிதித்து விழுகிற பிள்ளைகள் எத்தனையோ பேர்.

எந்த வயதில்?

பெரும்பாலான பிள்ளைகள் ஐந்து வயதிலிருந்து ஏழு வயதுக்குள் கற்றுக்கொள்கிறார்கள். சட்டைப் பொத்தானைத் தானே போடும் பிள்ளையின் விரல்கள் இதற்குத் தயாராகிவிட்டன எனலாம். சில பிள்ளைகளுக்குக் கூடுதல் காலம் ஆகும். அண்ணனோடு ஒப்பிட்டுத் திட்டினால் பிள்ளை கயிற்றைத் தொடவே மறுக்கும்.

பழக்கும் முறை

2021 முதல் பள்ளிச் சப்பாத்து கறுப்பு என்றாகிவிட்டது. இரண்டு முனையும் கறுப்பாக இருந்தால் எது எந்தக் கயிறு என்று பிள்ளைக்குக் குழம்பும். ஆகவே பழைய சப்பாத்து ஒன்றில் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் வெள்ளை என இரண்டு கயிறுகளைக் கோத்துக்கொள்ளுங்கள். வழவழப்பான உருண்டைக் கயிற்றைவிடத் தட்டையான பருத்திக் கயிறு நல்லது. எதிரே உட்கார்ந்தால் இடம் வலமாகத் தெரியும்; பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். பிள்ளை இடக்கைப் பழக்கமுள்ளதாகவும் நீங்கள் வலக்கைக்காரராகவும் இருந்தால் மட்டும் எதிரே உட்காருங்கள்.

1. சிவப்பை வெள்ளையின் மேல் போட்டு, அடியில் நுழைத்து, இரு முனைகளையும் இறுக்கி இழுக்க வேண்டும்.
2. இப்போது வலப்பக்கம் சிவப்பும் இடப்பக்கம் வெள்ளையும் இருக்கும். இரண்டையும் மடித்து, முயல் காதுபோல் இரண்டு காதுகள் பிடிக்க வேண்டும்.
3. வலப்பக்கக் காதை இடப்பக்கக் காதின் மேல் போட வேண்டும்.
4. அதை அடியில் உள்ள துவாரத்தில் நுழைத்து, இரு காதுகளையும் இழுக்க வேண்டும்.

இது பாட்டிமாருக்குப் புதிதில்லை. இரட்டைச் சடையில் ரிப்பன் கட்டும் கைக்கு இந்த முடிச்சு நன்றாகவே தெரியும்.

முதல் நாளே நான்கையும் பிள்ளையிடம் கேட்காதீர்கள். மூன்று படிகளை நீங்கள் செய்துவிட்டு, கடைசியாகக் காதுகளை இழுப்பதை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். "நான்தான் கட்டினேன்" என்ற மகிழ்ச்சி அதற்குக் கிடைக்கும். அது கைவந்ததும் அதற்கு முந்திய படியையும் கொடுங்கள். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் வேண்டாம். மாலையில் ஐந்து நிமிடம் போதும்.

ஏன் அடிக்கடி அவிழ்கிறது?

கட்டிய சிறிது நேரத்தில் அவிழ்ந்தால் பிள்ளையின் கவனக்குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். முதல் முறையும் இரண்டாம் முறையும் ஒரே பக்கத்தை மேலே போட்டால் முடிச்சு பலவீனமாகும். கண்டுபிடிப்பது எளிது. நல்ல முடிச்சில் காதுகள் சப்பாத்தின் குறுக்கே, இடமும் வலமுமாகப் படுத்திருக்கும். பலவீனமான முடிச்சில் அவை விரல் பக்கமும் குதிகால் பக்கமும் திரும்பி நிற்கும். அப்படியானால் முதல் படியை மட்டும் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஓடும்போது கால் தரையில் மோதும் அதிர்ச்சி முடிச்சைத் தளர்த்துகிறது. ஆடும் கயிற்று முனைகள் அதை இழுத்து அவிழ்க்கின்றன. பலவீனமான முடிச்சு விரைவில் அவிழ்கிறது என்பதும் அதில் தெரியவந்தது.

ஒட்டுப்பட்டைச் சப்பாத்து போதாதா?

சின்னப் பிள்ளைகளுக்கு அது வசதிதான். ஆனால் சேறும் நூலும் சிக்கினால் பட்டையின் பிடிப்பு குறைந்துவிடும். வளர்ந்தபின் காற்பந்துச் சப்பாத்துக்குப் பெரும்பாலும் கயிறுதான். சுங்கை பந்தாங் அருவிப் பக்கம் வேரும் பாறையுமான பாதையில் நடக்கவும் இறுகக் கட்டிய சப்பாத்தே பாதுகாப்பு.

கட்டுவதோடு அவிழ்க்கவும் சொல்லிக்கொடுங்கள். காதை இழுக்காமல் தொங்கும் முனையைப் பிடித்து இழுக்க வேண்டும். மழையில் நனைந்து இறுகிய முடிச்சை விரலால் தளர்த்திவிட்டு இழுக்கட்டும். முனைகள் தரையைத் தொடும் அளவு நீளமாக இருந்தால், குட்டையான கயிறு வாங்கி மாற்றிவிடுங்கள்.