கறுப்பு மையும் சிவப்பு மையும்

ஜனத்தொகைக் கணக்குக்கு நம் பாட்டனார் காலத்தில் வழங்கிய பெயர் கானேஷுமாரி. வீடுகளை எண்ணுதல் என்று பொருள்படும் பாரசீகத் தொடரொன்று கச்சேரி வழியாகத் தெருவுக்கு இறங்கி, தமிழ் நாவிலும் மலையாள நாவிலும் புரண்டு அவ்வுருவத்தை அடைந்தது. தமிழில் அது மறைந்துவிட்டதெனினும், எர்ணாகுளத்துப் பெரியவர்களிடம் கேட்டால் இன்றும் புரியும். பல லக்ஷம் பேருடைய விவரங்களை எழுத்துப் பழக்கம் அதிகமில்லாதவரும் பிழையின்றி எழுதவும், எழுதியதைத் திருத்தவும் ஏற்றபடி ஒரு காகிதத்தை எவ்வாறு வகுப்பது என்ற பிரச்னைக்கு, அந்தக் கானேஷுமாரியை நடத்தியவர்கள் கண்ட விடை சிந்திக்கத் தக்கது. அதனைச் சோதித்துப் பார்க்க மட்டாஞ்சேரியைவிடக் கடினமான இடம் தென்னாட்டில் அதிகம் இருந்திராது.

ஏனெனில் மிளகும் இஞ்சியும் மணக்கும் அந்தக் கடைத்தெருவைச் சுற்றி மலையாளிகளோடு கொங்கணிகளும், குஜராத்தி வணிகர்களும், கச்சி மேமன்களும், தமிழர்களும், 1568-இல் கட்டிய ஜெபாலயத்தைச் சூழ்ந்து யூதர்களும் வாழ்ந்தனர். அதோடு, மட்டாஞ்சேரி கொச்சி ஸமஸ்தானத்தைச் சேர்ந்தது; கூப்பிடு தூரத்திலிருந்த கோட்டைப் பகுதியோ பிரிட்டிஷ் கொச்சி என்ற பெயரில் சென்னை ராஜதானியின் மலையாள ஜில்லாவுக்கு உட்பட்டது. 1901-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி இரவு கணக்கெடுத்தபோது ஸமஸ்தானத்துக் கணக்கு அதன் மேலதிகாரி எம். சங்கர மேனோனிடமும், ராஜதானிக் கணக்கு அங்குள்ள மேலதிகாரி டபிள்யூ. பிரான்ஸிஸிடமும் போய்ச் சேர்ந்தன.

அந்த ஆண்டின் பாரத்தில் பதினாறு பத்திகள் இருந்தன: வீட்டு எண், வரிசை எண், பெயர், மதம், ஆணா பெண்ணா, மணமானவரா, வயது, ஜாதி, தொழிலுக்கென்றே மூன்று பத்திகள், பிறந்த இடம், வழக்கமாகப் பேசும் மொழி, எழுத்தறிவு, ஆங்கில ஞானம், அங்கவீனம். தொழிலுக்கு மூன்று பத்தி வகுத்தது அதிபுத்திசாலித்தனத்தின் விளைவு என்றே எனக்குத் தோன்றுகிறது. பிரதானத் தொழில் எது, உபதொழில் எது, பிறரை அண்டிப் பிழைப்பவருக்கு ஆதாரம் எது என்று, மழைக்காலத்தில் ஒன்றும் கோடையில் ஒன்றுமாகச் செய்து பிழைப்பவனைக் கேட்டால் அவன் என்ன சொல்வான்? ஆனால் வயதுப் பத்திக்கு வகுத்த விதியைப் போற்றாமல் இருக்க முடியாது. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்கு எண்ணே எழுதக் கூடாது, 'சிசு' என்று பொருள்படும் சொல்லைத்தான் எழுத வேண்டும் என்பது அவ்விதி. எட்டு மாதக் குழந்தைக்கு எட்டு என்று எழுதிவிட்டால், பின்னால் கூட்டுகிறவனுக்கு அது எட்டு வயதாகிவிடுமல்லவா! எழுதுகிறவன் எங்கே இடறுவான் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்த ஒருவர் அந்தப் பத்தியின் பின்னால் நிற்கிறார்.

இவற்றையெல்லாம்விட நுட்பமானது மையைப் பற்றிய ஏற்பாடு. லக்ஷக்கணக்கானோரை ஒரே இரவில், அதுவும் பொழுது சாய்ந்தபின் நள்ளிரவுக்குள், பதினாறு கேள்வி கேட்டு எழுதிவிட முடியாது என்பதை உணர்ந்த அதிகாரிகள், வேலையை இரண்டாகப் பிரித்தனர். சுமார் முப்பது முதல் ஐம்பது வீடுகள் கொண்ட ஒவ்வொரு ப்ளாக்குக்கும் ஒரு கணக்காளர். அவர் குறித்த இரவுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே வீடு வீடாகச் சென்று, பகல் வெளிச்சத்தில், நிதானமாகக் கறுப்பு மையால் எல்லாப் பத்திகளையும் நிரப்பிவிடுவார். மேற்பார்வையாளர் அதனைச் சரிபார்ப்பார். குறித்த இரவு வந்ததும் அதே கணக்காளர், அதே காகிதத்தையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு, இம்முறை சிவப்பு மையோடு புறப்படுவார். புதிதாக எழுத வேண்டியது கொஞ்சமே: இறந்தவரையும் ஊரைவிட்டுப் போனவரையும் அடித்துவிட்டு, பிறந்தவரையும் வந்தவரையும் சேர்த்தால் போதும்.

ஒரு வீட்டின் பக்கத்தை மனக்கண்ணில் விரித்துப் பாருங்கள். கறுப்பு மையில் ஆறு வரிகள். முதல் வரியிலுள்ள கிழவரின் பெயர் மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அவருடைய மதமும் வயதும் தொழிலும் கோட்டின் அடியில் தெளிவாகவே தெரிகின்றன. ஆறாம் வரிக்குக் கீழே சிவப்பில் ஏழாவதாக ஒரு வரி, அதன் வயதுப் பத்தியில் சிசு. அந்த வீட்டில் சில வாரங்களில் நடந்த சாவும் பிறப்பும் அழிக்கப்படாமல் அந்தப் பக்கத்திலேயே கிடக்கின்றன. திருத்தம் எது, மூலம் எது என்று மேலதிகாரி எவரையும் கேட்க வேண்டியதில்லை; மையின் நிறமே சொல்லிவிடும்.

கொச்சியில் நீரும் நிலமும் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதால், வீட்டுக் கதவில் எண்ணிட்டுவிட்டால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. மீன்பிடிக்கவோ காவல் காக்கவோ இரவில் வெளியே போனவனை வீட்டில் இருப்பவனாகவே கொள்ள வேண்டும் என்று விதி இருந்தது. இல்லையேல் வலை போடப் போனவர்கள் ஒரு கணக்கிலும் அகப்பட்டிருக்க மாட்டார்கள். படகுகளுக்குத் தனி ஏற்பாடு. ஷொரனூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு 1902-இல் ரயில் வந்தபின் பிரயாணிகளுக்கும் அது தேவைப்பட்டது. வழியில் எண்ணப்பட்டவருக்கு, மறுபடியும் எண்ணாதிருக்கும் பொருட்டு, ஒரு சீட்டு கொடுத்துவிடுவார்கள்.

எழுதி முடிந்த பாரங்களைக் கூட்டுவதிலும் 1901-இல் ஒரு மாறுதல் புகுந்தது. அதற்கு முன்னர் பெரிய தாள்களில் கட்டங்கள் வரைந்து, ஆளுக்கொரு கோடு கிழித்துக் கூட்டினார்கள். கோடு தவறினால், மூலத்தை முதலிலிருந்து படித்தாலொழியக் கண்டுபிடிக்க வழியில்லை. பவேரியாவில் வான் மேயர் என்பவர் கையாண்ட முறையைப் பின்பற்றி, இப்போது ஆளுக்கொரு சிறு சீட்டு எழுதப்பட்டது. சீட்டின் நிறம் மதத்தைக் காட்டும்; ஆண் பெண், மணமானவர், மனைவியையோ கணவனையோ இழந்தவர் என்ற பேதங்களைக் குறிகள் காட்டும். மாடம் மாடமாகப் பிரித்த அலமாரியில் சீட்டுகளைப் போட்டு எண்ணினால் முடிந்தது. ஐயம் எழுந்தால் அந்த ஒரு மாடத்துச் சீட்டுக் கட்டை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். அமெரிக்காவில் 1890-லேயே ஹாலரித் என்பவர் துளையிட்ட அட்டைகளையும் மின்சார யந்திரத்தையும் கொண்டு இதே வேலையைச் செய்தார். இங்கே அது மனித விரல்களால் நடந்தது. கொச்சி ஸமஸ்தானத்தின் ஜனத்தொகை 1891-இல் 7,22,906 ஆக இருந்தது. சீட்டுகளால் எண்ணிய 1901-இல் அது 8,12,025 ஆயிற்று.

1931-இல் சென்னை ராஜதானிக் கணக்கை நடத்திய யேட்ஸ் 1941-இல் இந்தியா முழுவதற்கும் கமிஷனரானபோது, பெரிய பாரத்தை நீக்கி, வீட்டு வாசலிலேயே நேராகச் சீட்டில் எழுதச் செய்தார். ஒரே இரவில் எண்ணும் வழக்கமும் அத்துடன் நின்றது. சிக்கனமான யோசனைதான். ஆனால் கறுப்பின் மேல் சிவப்பு ஓடிய அந்தப் பக்கங்கள் அதற்குப்பின் எழுதப்படவில்லை.

இரண்டு கொச்சிகளும் 1951-இலும் வெவ்வேறு ராஜ்யங்களில்தான் எண்ணப்பட்டன. கோட்டை சென்னையில், மட்டாஞ்சேரி திருவிதாங்கூர்–கொச்சியில். கேரளம் பிறந்தபின், 1961-இல்தான், அவ்விரு பகுதிகளின் சீட்டுகளும் ஒரே ராஜ்யத்தின் அலமாரிக்கு வந்து சேர்ந்தன.