கடலைப் பார்ப்பது யார்?

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையில் இருக்கும் அரிப்பு என்ற ஊரில் ஒரு மாளிகை சிதைந்து நிற்கிறது. ‘டோரிக்’ என்று பெயர். இலங்கையின் முதல் பிரிட்டிஷ் ஆளுநர் ஃபிரெடரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டியது. முத்துக்குளிப்புக் காலத்தில் அங்கே தங்கிக் கடலை மேற்பார்வை பார்ப்பார். அவர் பார்த்த கடலில் அழகும் இருந்திருக்கும். முக்கியமாக வருமானம் இருந்தது. மூச்சை அடக்கிக் கீழே போனவர்களுக்கு அதே கடல் வேறு மாதிரித் தெரிந்திருக்கும்.

கடலைக் ‘காட்சி’ என்று சொன்னாலே, பார்க்கிறவர் எங்கேயோ நிற்கிறார் என்றுதான் அர்த்தம். எங்கே நிற்கிறார்? மன்னார்க் காற்றாலைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வருகிறது.

2020 டிசம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’ காற்றாலைப் பண்ணை திறக்கப்பட்டது. 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். மலை கிடையாது, குன்று கிடையாது. பனைதான் உயரம் என்றிருந்த மணல் தீவு அது. வலசைப் பறவைகளின் பாதையும்கூட. பக்கத்துப் பெருநிலத்தில் இருக்கும் வங்காலைச் சரணாலயம் 2010லேயே ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதனால் பறவைகளைக் கண்காணிக்க ராடார் வைத்தார்கள். நல்ல விஷயம். பறவையை எண்ண முடியும். கண்ணில் படுவதை எப்படி எண்ணுவது?

அதற்கும் ஒரு முறை இருக்கிறது. கரையில் சில பார்வை இடங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அங்கிருந்து படம் எடுத்து, வரப்போகும் காற்றாலைகளை அளவு பிசகாமல் படத்தில் பொருத்திக் காட்டுவார்கள். இந்தக் கணக்குக்குப் பலமும் உண்டு. இங்கிலாந்தின் தென்கடலில் திட்டமிட்ட ‘நாவிட்டஸ் பே’ காற்றாலைப் பண்ணையை 2015ல் அரசாங்கம் நிராகரித்தது. ஜுராசிக் கடற்கரையிலிருந்தும் ஐல் ஆஃப் வைட் தீவிலிருந்தும் தெரியும் காட்சி கெடும் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். உலகப் பாரம்பரியச் சின்னம், சுற்றுலாத் தலம், பேர்போன கரை. அங்கே நின்று பார்க்கிறவரின் கண்ணுக்கு மதிப்பு இருந்தது.

மன்னார் மீனவர் கரையில் நின்று கடலைப் பார்ப்பதைவிட, கடல்ல இருந்து கரையைப் பார்ப்பதுதான் அதிகம். தமிழ்க் கடற்கரைகளில் இது பழைய தொழில்நுட்பம். முன்னால் ஒரு பனை, பின்னால் ஒரு கோபுரமோ தேவாலயமோ. இரண்டும் ஒரே கோட்டில் வந்தால் ஒரு திசை. இன்னொரு பக்கம் அதே மாதிரி இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் அடியில் பார் இருக்கும், வலை போடலாம். பூமியின் வளைவை வைத்துக் கணக்குப் போட்டால், படகில் நிற்பவருக்கு 20 மீட்டர் பனை ஏறக்குறைய 21 கிலோமீட்டரில் மறைந்துவிடும். 150 மீட்டர் காற்றாலை, வானம் தெளிவாக இருந்தால், 48 கிலோமீட்டர் வரை தெரியும். அப்படியென்றால் மீனவரின் வரைபடமே மாறுகிறது. கெடுதலாகத்தான் மாறும் என்று நான் சொல்லவில்லை. காற்றாலையே நாளைக்கு நல்ல அடையாளமாகலாம். ஆனால் பார்வை இடத்தைக் கரையில் மட்டும் வைத்தால், நல்லதோ கெட்டதோ, இந்த மாற்றம் அறிக்கைக்குள் வரவே வராது.

கேட்டுச் செய்த ஊரும் இருக்கிறது. கோபன்ஹேகனுக்கு எதிரே மிடல்க்ரூண்டன் என்ற கடல் திட்டில் முதலில் மூன்று வரிசைகளில் 27 காற்றாலைகள் நிறுத்தத்தான் திட்டம். 1997ல் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அதன் பிறகு 20 காற்றாலைகள், ஒரே வரிசை, நகரத்தின் பழைய அரண்களின் வளைவை ஒட்டிய ஒரு வில் என்று மாறியது. பாதிக் காற்றாலைகள் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். சொந்தக் காற்றாலை சுத்துறதைப் பார்ப்பது வேறு, யாருடையதோ நம் வாசலில் சுத்துறதைப் பார்ப்பது வேறு.

மன்னாரில் வரிசை மாறிப்போனது. 250 மெகாவாட் திட்டத்தோடு வந்த அதானி நிறுவனம் 2025 பிப்ரவரியில் விலகியது. ஆனால் வேறு காற்றாலைகளுக்கான வேலை நிற்கவில்லை. அந்த ஆகஸ்டில் மக்கள் காற்றாலைகளுக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராகத் தெருவில் இறங்கினார்கள். மழைநீர் வடியாமல் தேங்குகிறது, மீன்பாடு குறைந்துவிட்டது என்பவை அவர்களின் குறைகள். அரசாங்கம் வேலையை ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கடைசியில் போராட்டம் வழியாகக் கேட்க நேர்ந்தது.

காற்றாலை வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. கடல்மட்டம் உயர்ந்தால் முதலில் போகப்போவது மன்னார் மாதிரியான தாழ்ந்த தீவுகள்தான். கரி எரிப்பதை நிறுத்தியே ஆகவேண்டும். ஆனால் உலகத்தின் வெப்பத்தைக் குறைக்க ஒரு சின்னத் தீவு தன் வானத்தைக் கொடுக்கிறது என்றால், அந்த வானத்தைத் தினமும் பயன்படுத்துகிறவரிடம் அதைக் கேட்டு வாங்க வேண்டும். மதிப்பீட்டுக்கு வருகிறவர்கள் ஒருநாள் விடியற்காலையில் படகேறிப் போகட்டும். கரை மறையும் தூரம்வரை போய், அங்கே நின்று திரும்பிப் பார்த்து ஒரு படம் எடுக்கட்டும். அறிக்கையின் முதல் படமாக அது வரட்டும்.