நீ யார் என்று எழுதுவது யார்?

கூடலூரில் மாணவர்களோடு உட்கார்ந்து பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி வருகிறது: "சாதி ஒழிப்புக்கே நேரம் போதவில்லை. திருநங்கை, திருநம்பி பிரச்சினையை ஏன் இதில் சேர்க்கிறீர்கள்?" கேட்பவர்களில் பலர் தாயகம் திரும்பியோர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் குடும்ப வரலாற்றிலேயே இதற்கு விடை இருக்கிறது.

1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. அந்த மக்களைக் கேட்டு அது போடப்படவில்லை. வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தொடங்கிய அரசுத் திட்டம்தான் இன்றைய டான்டீ. வந்தவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். இங்கேயும் சாதிச் சான்றிதழுக்கு அலைந்தார்கள். 'நீ யார்' என்பதை ஓர் அதிகாரி எழுதித் தரக் காத்திருப்பது என்னவென்று இந்த வீடுகளுக்குத் தெரியும்.

தோட்டமும் அப்படித்தான் எழுதி வைத்தது. கொழுந்து பறிப்பது பெண் வேலை, கவ்வாத்து ஆண் வேலை, மேற்பார்வையும் ஆணுக்கு. இதை இயற்கை என்றே நம்பி வளர்கிறோம்.

இது இயற்கை அல்ல என்பதற்கான தடயத்தை அண்ணல் அம்பேத்கர் 1916இலேயே காட்டினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில், சாதியின் உயிர்நாடி அகமண முறை என்றார். சதி, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் எல்லாம் அந்த முறையைக் காப்பாற்ற வந்தவை என்று விளக்கினார். அதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்வது இது: ஆண் இப்படி, பெண் இப்படி, இருவரும் சொந்தச் சாதிக்குள் மணக்க வேண்டும் என்ற ஒழுங்கு குலைந்தால் சாதியும் ஆடும். அந்த ஒழுங்குக்குள் அடங்காதவரை வீட்டைவிட்டே துரத்துவது அதனால்தான்.

தமிழ்நாடு 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் நால்சா தீர்ப்பில், தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை ஏற்றது. 2019ஆம் ஆண்டுச் சட்டமோ மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்கச் சொன்னது. மறுபடியும் அலுவலக வாசல்!

இடஒதுக்கீட்டிலும் இதே கதை. 2015இல் தமிழ்நாடு அரசு திருநர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலோடு இணைத்தது. பாலினம் ஒரு சாதியா? தலித் திருநங்கை சுமப்பது இரண்டு ஒடுக்குமுறைகளை. அவை சேர்ந்து கணக்கில் வரவேயில்லை. 2014இல் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த தோழர் கிரேஸ் பானு, ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநர்களுக்குத் தனி இடம் தரும் கிடைமட்ட இடஒதுக்கீட்டைத் தொடர்ந்து கேட்டு வருகிறார். கர்நாடகம் 2021இல் 1 சதவீதம் கொடுத்தது. இங்கே 2015 ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் ரத்து செய்தது.

நாங்களும் சுத்தமானவர்கள் அல்ல. பள்ளியில் நளினமாக நடந்த பையனைப் பார்த்து வகுப்பே சிரித்தபோது நாங்களும் சிரித்தோம். சாதிப் பெயர் சொல்லி எங்களைக் கூப்பிட்டபோது வலித்தது. அவனைக் கூப்பிட்டபோது வலிக்கவில்லை. சமூகவியல் படித்த பிறகுதான் இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்த சொல் என்று புரிந்தது.

தோழர்களே, நம்மை யார் என்று நாமே சொல்லும் உரிமைக்காகத்தான் நம் முன்னோர் போராடினார்கள். அதையே இன்னொருவர் கேட்கும்போது 'நேரமில்லை' என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஜெய்பீம்.