நவிரமலை வழியில் இரண்டு கூத்தர்

ஜவ்வாதுமலையில் பிறந்து பாலாற்றில் கலக்கும் செய்யாற்றையும், அதன் கரையில் உள்ள செங்கத்தையும் களமாகக் கொண்ட சங்கப் பாடல் மலைபடுகடாம். பத்துப்பாட்டில் மதுரைக்காஞ்சிக்கு அடுத்தபடியாக நீளமான பாட்டு இது; அடிகள் 583. பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னன். செங்கண்மா இன்றைய செங்கம். பாட்டு சொல்லும் நவிரமலை, ஜவ்வாதுமலைத் தொடரை ஒட்டி நிற்கும் பருவதமலையே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு.

மன்னனைப் புகழ எழுந்த பாட்டுத்தான். ஆனால் புகழ்ச்சி புலவரின் வாயிலிருந்து நேராக வருவதில்லை. நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு கூத்தன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கூத்தனை வழியில் கண்டு பேசுகிறான்; பாட்டு முழுவதும் அந்தப் பேச்சு. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோர் தாம் பெற்ற வளத்தைப் பெறாதவருக்குச் சொல்லி வழிகாட்டும் இம்மரபைத் தொல்காப்பியம் புறத்திணையில் வகுத்துள்ளது. பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை ஆகியவையும் இம்மரபில் வந்தவை. மலைபடுகடாத்துக்குக் கூத்தராற்றுப்படை என்ற பெயரும் உண்டு. ஊர் ஊராகச் சென்று ஆடிப் பிழைத்தவர்களுக்கு எந்த வழி நல்லது, எந்த வாயில் அடையாதது என்ற செய்தி சக கலைஞனின் வாய்மொழியாகவே கிடைத்திருக்க வேண்டும். புலவர்கள் அந்த வழக்கத்தை எடுத்துக் கவிதை வடிவமாக்கினர்.

இரு கூத்தருக்கும் பெயர் இல்லை. கேட்பவன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. இருந்தும் அவர்களின் உறவு படிப்பவருக்குத் தெளிவாகத் தெரிகிறது. பேச்சு தொடங்கும்போது முழவு, ஆகுளி, கொம்பு, குழல், பதலை என்று எதிரே வருபவர்கள் பைகளில் சுமந்து வரும் கருவிகள் ஒவ்வொன்றாகப் பெயர் பெறுகின்றன. அவற்றின் கனத்தைத் தோளில் உணர்ந்தவனின் பார்வை அது. அடுத்து அவன் எதிரே நிற்பவனைக் கூத்தர் சுற்றத்தின் தலைவனே என்று அழைக்கிறான். அழைப்பவன் கையில் செல்வம் இருக்கிறது. அழைக்கப்படுபவன் பசியோடு நிற்கிறான். அந்த வேற்றுமை விளியில் எங்கும் இல்லை. எங்களைக் கண்டது உங்களுக்கு நல்ல சகுனம் என்று தேற்றிவிட்டுத்தான் வழி சொல்லத் தொடங்குகிறான்.

வழி சொல்லும் பகுதிதான் பாட்டின் உயிர். மலைச் சிற்றூருக்குள் உங்கள் வீட்டுக்குள் போவதுபோலத் தயங்காமல் நுழையுங்கள், உரிமை உள்ளவர்கள்போல் பழகுங்கள், தினைச்சோறும் இறைச்சியும் தாமே வரும் என்கிறான். மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன்கள்ளையும் மறக்கவில்லை. பன்றிகளுக்கு அஞ்சிக் குறவர் கல்பொறி வைத்திருப்பார்கள். ஆகவே இருளில் நடக்காமல் விடிந்த பிறகு கிளம்ப வேண்டும். பாம்பு வாழும் குழிகள் வந்தால் விறலியர் கைதொழுது வாழ்த்த, வலப்புறமாக ஒதுங்கிச் செல்ல வேண்டும். பரண்மேல் இருப்பவர்கள் யானையை விரட்டக் கவணில் எறியும் கல் கூற்றுவன்போல் வரும். மரங்களை மறைவாகக் கொண்டு கடக்க வேண்டும். இரவானால் கற்குகையில் சொந்த வீட்டில்போலத் தங்கலாம். வழி தவறினால் வாத்தியங்களை வாசித்தால் போதும். கானவர் ஓசை கேட்டு வந்து பழமும் பூவும் தந்து வழி காட்டுவார்கள். விற்பவன் தன் சரக்கின் குறையைச் சொல்லமாட்டான். இவனோ ஆபத்துகளையே முதலில் அடுக்குகிறான். நன்னனைப் பற்றி அவன் பின்னால் சொல்லும் புகழை நம்ப வைப்பது இந்த எச்சரிக்கைகள்தான்.

பாட்டில் இரண்டே செய்திகள் மிகச் சிறியவை, மிக ஆழமானவை. காட்டின் கிளைவழிகளில், போரில் இறந்தவர்களின் பெயர் பொறித்து நட்ட கற்கள் நிற்கும். அங்கே உங்கள் பழைய மரபுப்படி யாழ் வாசித்துவிட்டு விரைந்து செல்லுங்கள் என்பது ஒன்று. பாதை பிரியும் இடங்களைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் வையுங்கள், பின்னால் வருபவர்கள் வழி தவறக்கூடாது என்பது மற்றொன்று. முன்னால் போனவன் இவனுக்குச் சொல்கிறான்; இவன் தனக்குப் பின்னால் வரும் முகமறியாத கூத்தனுக்குச் சொல்ல வேண்டும். நட்பு இருவரோடு நிற்காமல் ஒரு தொழில்குடி முழுவதையும் தொடும் இடம் இது. நடுகல் பற்றிய வரிகளுக்கு அந்த மண்ணே சான்று வைத்திருக்கிறது. செங்கம் வட்டாரத்தில் பல்லவர் கால நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்தன. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் அவற்றின் கல்வெட்டுகளைச் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாக வெளியிட்டது. அவை பாட்டுக்குப் பிந்தியவை என்றாலும், வழக்கம் அறுபடாமல் தொடர்ந்ததைக் காட்டுகின்றன.

பாட்டுக்குப் பெயர் தந்த பகுதியும் இந்தப் பேச்சுக்குள்தான் வருகிறது. அருவி ஓசை, புலி பாய்ந்த கணவனின் புண் ஆறப் பெண்கள் பாடும் பாட்டு, தேனெடுக்கும் குறவரின் ஆரவாரம், தினை குற்றும் வள்ளைப்பாட்டு, கரும்பாலை இரைச்சல் என்று மலையில் கேட்கும் ஓசைகள் நீண்ட வரிசையாக எழுகின்றன. மலையை யானையாகவும் அதில் எழும் ஓசைகளை மதமாகவும் கண்டதால் மலைபடுகடாம். இசையே தொழிலாகக் கொண்ட ஒருவன் இன்னொருவனுக்கு மலையைக் காதால் அறிமுகம் செய்கிறான். ஒரே காது உடைய இருவரிடையேதான் இப்படிப் பேச முடியும்.

மலை இறங்கினால் ஆட்டு மந்தை உள்ள இடத்தில் சமைக்கும் வேலை இல்லாமலே பாலும் கூழும் கிடைக்கும். வில் ஏந்திய காவலர்களிடம் நன்னனை நாடிப் போகிறோம் என்றால் இறைச்சியும் கிழங்கும் தந்து அனுப்புவார்கள். பிறகு வயல்கள், செய்யாற்றின் கரை, பழைய ஊர். மலைநாட்டினர் கொண்டுவந்த காணிக்கைகள் குவிந்த அரண்மனை வாயிலைத் தாண்டியதும் நன்னன் வருகிறான். சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும் முன்பே, நீங்கள் வந்ததே போதும், மிகவும் வருந்தி வந்திருக்கிறீர்கள் என்பான் என்று கூத்தன் முன்கூட்டியே சொல்லிவைக்கிறான். தலைவனுக்குப் பொற்றாமரை, விறலியருக்கு அணிகள், தேர், யானை, குதிரை, ஆநிரை எனப் பரிசுகள் அதற்குப் பிறகுதான் பட்டியலாகின்றன. மன்னனின் பெருமையை அளக்கக் கூத்தன் முதலில் எடுத்த அளவுகோல், தன் இனத்தாரின் களைப்பை அவன் கண்டுகொண்டானா என்பதே.

இடைக்காலத்தில் நச்சினார்க்கினியர் இப்பாட்டுக்கு உரை எழுதினார். ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஒப்பிட்ட உ.வே. சாமிநாதையர், அந்த உரையோடு பத்துப்பாட்டை 1889இல் அச்சிட்டார்.