விரைவுப் படகும் டீசல் எஞ்சினும்

1945ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 14ஆம் நாள். பெல்ஜிய நாட்டின் ஆஸ்டெண்டுத் துறைமுகத்தில் பிரிட்டிஷ், கனடியக் கடற்படைகளின் டார்ப்பிடோ விசைப்படகுகள் ஒன்றை ஒன்று ஒட்டி நெருக்கமாகக் கட்டப்பட்டிருந்தன. அவற்றுள் ஒரு படகின் எரிபொருளில் நீர் கலந்துவிட்டது. அதனைத் துப்புரவு செய்தபோது வெளியேறிய பெட்ரோல் துறைமுக நீரின்மேல் படலமாக மிதந்தது. எப்படியோ அதில் தீப்பற்றியது. சிறிது நேரத்திற்குள் நீர்ப்பரப்பே தீப்பிழம்பாயிற்று. 12 படகுகள் அழிந்தன. அறுபதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். பகைவரின் குண்டு ஒன்றும் அன்று அங்கு விழவில்லை என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

அதே கடலில், அதே காலத்தில், அவர்களை எதிர்த்து நின்ற ஜெர்மானிய விரைவுப் படகுகள் டீசலில் ஓடின. அத்துறைமுகத்தில் மிதந்தது டீசல் எண்ணெயாக இருந்திருப்பின் இத்துணை எளிதில் தீ மூண்டிராது. அங்ஙனமாயின், கப்பற் கலையில் உலகிற்கே முன்னோடியாக விளங்கிய பிரிட்டன் தன் மாலுமிகளைப் பெட்ரோல் தொட்டிகளின்மீது உட்கார வைத்துப் போருக்கு அனுப்பியது ஏன்?

விடை காண வேண்டுமாயின் எஞ்சினின் இயல்பைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அழுத்தப்படும் காற்று சூடேறும். டீசல் எஞ்சினில் காற்றை மிகக் கடுமையாக அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பீய்ச்சி எரியச் செய்கின்றனர். தீப்பொறி தேவையில்லை. எண்ணெயும் பெட்ரோலைப்போல் எளிதில் ஆவியாகிப் பற்றிக்கொள்ளாது. செலவாகும் அளவும் குறைவு. ஆனால் அக்கடிய அழுத்தத்தைத் தாங்க உருளைகளும் தண்டுகளும் தடித்திருக்க வேண்டும். எனவே எடை மிகும். தோட்டத்து எஞ்சின் கொட்டகையில் மாலைதோறும் மின்விளக்குக்காக ஓடிய டீசல் எஞ்சினைப் பார்த்தவர்கட்கு அதன் கனம் தெரியும். கொட்டகையில் இருக்கும்வரை கனம் குற்றமன்று. அலைமேல் தாவிப் பாய வேண்டிய படகிலோ ஒவ்வோர் அந்தர் எடையும் வேகத்தைத் தின்னும்.

இந்த முடிச்சை முதலில் அவிழ்த்தவர்கள் ஜெர்மானியரே. லூர்சன் என்னும் படகுக் கட்டு நிறுவனத்தார் 1927இல் ஓட்டோ கான் என்னும் அமெரிக்கச் செல்வருக்காக ‘ஒகேக்கா 2’ என்ற உல்லாசப் படகைக் கட்டினர். அது மணிக்கு 34 கடல் மைல் ஓடியது. அதனை அடியொற்றியே 1930இல் எஸ்-1 என்னும் போர்ப்படகு உருவாயிற்று. இரண்டிற்கும் பெட்ரோல் எஞ்சின்தான். ஆயினும் தீவிபத்தை அஞ்சிய ஜெர்மானியக் கடற்படையார் அத்துடன் அமையவில்லை. 1933இல் வெளிவந்த எஸ்-6 படகில் மான் நிறுவனத்தின் டீசல் எஞ்சின்களைப் பொருத்தினர். அவை அடிக்கடி பழுதுபட்டுத் தொல்லை தந்தன. பின்னர் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தின் எஞ்சின்கள் அவ்விடத்தைப் பிடித்தன. 16 உருளைகள் கொண்ட அவ்வெஞ்சினின் உடன்பிறப்பே ஹிண்டன்பர்க் என்னும் வானக்கப்பலையும் இயக்கியது. 1937இல் அவ்வானக்கப்பல் எரிந்ததற்கு அதனுள் இருந்த ஹைட்ரஜன் வாயுவே தீனியாயிற்று, எஞ்சின்மேல் பழியில்லை.

அடுத்து 20 உருளைகளும் 2,000 குதிரைச் சக்தியும் உடைய எம்.பி. 501 வந்தது. அதற்கே காற்றை அழுத்தி ஊட்டும் விசிறி ஒன்றைச் சேர்த்து எம்.பி. 511 ஆக்கினர், வலிமை 2,500 குதிரைச் சக்தியாக உயர்ந்தது. இங்குள்ள நுட்பம் எளியதேயாயினும் முதன்மையானது. எஞ்சினின் வலிமைக்கு வரம்பு கட்டுவது எண்ணெயன்று, காற்றே. ஓர் உருளைக்குள் மிகுதியான காற்றைத் திணித்தால் மிகுதியான எண்ணெயை எரிக்கலாம். எஞ்சினின் பருமனைக் கூட்டாமலே வலிமை கூடும். இத்தகைய எஞ்சின்கள் மூன்றைச் சுமந்து, ஏறக்குறைய 35 மீட்டர் நீளமும் 100 டன் எடையும் உடைய எஸ்-படகுகள் மணிக்கு 40 கடல் மைல் அளவில் விரைந்தன. 1944 ஏப்ரல் 28 அன்று இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் பயிற்சியிலிருந்த அமெரிக்கக் கப்பல் வரிசையை அவற்றுள் ஒன்பது படகுகள் இரவில் தாக்கி, எழுநூறுக்கும் மேற்பட்டோரைக் கடலில் மடியச் செய்தன.

பிரிட்டனின் நிலை வேறு. போருக்கு முன் அங்கு இலகுவான, ஆற்றல் மிக்க டீசல் எஞ்சினை ஆக்க அரசினர் போதிய ஊக்கம் காட்டவில்லை. வாஸ்பர் நிறுவனத்தார் தம் படகுகளுக்கு இத்தாலியிலிருந்து ஐசோட்டா பிராஸ்கினி பெட்ரோல் எஞ்சின்களைத் தருவித்தனர். 1940 ஜூனில் இத்தாலி பகைநாடாயிற்று; எஞ்சின் வரவும் நின்றது. அண்டை நாட்டின் தயவில் படகு கட்டியவர்களின் பாடு இது! பின்னர் அமெரிக்காவின் பேக்கார்டு எஞ்சின்கள் கைகொடுத்தன. அவை நல்ல எஞ்சின்களே. ஆனால் உயர்தரப் பெட்ரோல் குடிப்பவை. பேர்மைல் டி வகைப் படகொன்று அத்தகைய பெட்ரோலை 5,000 காலன் சுமந்து சென்றது. மெல்லிய பலகைகளுக்குள் அத்துணைப் பெட்ரோல்! அப்படகுகளில் சென்றோரின் துணிவைப் புகழ்வோர், அத்துணிவு தேவைப்பட்டதற்கான காரணத்தையும் கேட்க வேண்டும்.

1943இலேதான் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகம் விழித்துக்கொண்டு, விரைவுப் படகுக்கேற்ற டீசல் எஞ்சின் பற்றி ஆராயக் குழு அமைத்தது. போர் முடிந்தபின் பணி நேப்பியர் நிறுவனத்தாரிடம் சென்றது. அவர்கள் ஆக்கியதே டெல்டிக் என்னும் விந்தை எஞ்சின். மூன்று உருளை வரிசைகள் முக்கோணமாக அமையும். ஒவ்வொரு முனையிலும் ஒரு சுழல்தண்டு. ஒவ்வோர் உருளைக்குள்ளும் எதிரெதிராக இரண்டு பிஸ்டன்கள். கிரேக்க எழுத்தாகிய டெல்டாவின் வடிவை ஒத்ததால் அப்பெயர். 18 உருளைகள், 36 பிஸ்டன்கள். ஆனால் மூன்று தண்டுகளும் ஒரே திசையில் சுழன்றால் பிஸ்டன்களின் நேரம் ஒத்துவரவில்லை. பெரும் பொறியாளர்கள் திகைத்து நின்ற அவ்விடத்தில், ஒரு தண்டை மட்டும் எதிர்த்திசையில் சுழலவிட்டால் போதும் என்று வழிகாட்டியவர் கடற்படையின் வரைபடப் பிரிவில் பணியாற்றிய ஹெர்பர்ட் பென்வார்டன் என்பார். வரைமேசையில் அமர்ந்திருப்போரின் பெயர்கள் வரலாற்றில் எளிதில் இடம் பெறுவதில்லை. இவர் பெயர் நிலைத்தது மகிழ்ச்சிக்குரியது.

1950இல் முதல் 18 உருளை எஞ்சின் நிறைவுற்றது. 1952இல் அதனைக் கடலில் சோதிக்க அவர்கள் தேர்ந்தது எதனை? போரில் கைப்பற்றிய எஸ்-212 என்னும் ஜெர்மானியப் படகையே! அதன் மூன்று பென்ஸ் எஞ்சின்களுள் இரண்டை எடுத்துவிட்டு டெல்டிக்குகளைப் பொருத்தினர். வலிமையில் குறையாத புதிய எஞ்சின் பழையதன் பாதிப் பருமனே இருந்தது. இச்சோதனையின் விளைவாக டார்க் வகைப் படகுகள் டெல்டிக்கோடு வந்தன. அவற்றுக்குச் சற்று முன் பிறந்த கே வகைப் படகுகளே பிரிட்டிஷ் கடற்படையின் கடைசிப் பெட்ரோல் விரைவுப் படகுகளாயின.

காற்றை ஊட்டும் விசிறியை எஞ்சினே சுழற்றினால் அதற்கும் வலிமை செலவாகும். வீணே வெளியேறும் சூட்டுப் புகையைக் கொண்டே அதனைச் சுழற்றலாம் என்று சுவிட்சர்லாந்தின் ஆல்பிரட் பியூக்கி 1905இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். இதுவே டர்போ முறை. பெருங்கப்பல்களில் 1920களிலேயே இது பயனுக்கு வந்தது. விரைவுப் படகில் நுழையச் சற்றுக் காலம் சென்றது. டெல்டிக்கின் டர்போ வகை 3,100 குதிரைச் சக்தி தந்தது. நார்வேயில் உருவான நாஸ்டி வகைப் படகுகள் இதனைப் பெற்றன. அமெரிக்கக் கடற்படையும் அவற்றை வாங்கி வியட்நாம் கடலில் ஓட்டியது. மலேசியக் கடற்படைக்கு 1963 முதல் வந்த கெடா வகைச் சுற்றுக்காவற் படகுகளும் மேபாக் டீசல்களால் இயங்கியவையே.

போர்ப்படகில் வென்ற டீசல் பந்தயப் படகில் வெல்ல மேலும் காலம் பிடித்தது. 1969இல் பிரிட்டனைச் சுற்றிவரும் விசைப்படகுப் பந்தயத்தில் வென்றவர் பின்லாந்தின் கார்ப் பந்தய வீரர் டிமோ மாக்கினன். அவருடைய படகின் பின்புறம் தொங்கியவை பெட்ரோல் எஞ்சின்கள். மீண்டும் அப்பந்தயம் 1984இல் நடந்தபோது இத்தாலியின் பாபியோ புஸ்ஸி ‘ஒயிட் ஐவெக்கோ’ என்னும் டீசல் படகில் முதலிடம் பெற்றார். நெடுந்தொலைவுப் பந்தயத்தில் எண்ணெய்ச் சிக்கனமும் ஒரு வேகமே: சுமை குறையும், வழியில் எண்ணெய் ஏற்றும் நேரமும் மிச்சமாகும்.

புஸ்ஸி படகு வரைபவரும் ஓட்டுபவருமாக ஒருங்கே விளங்கியவர். 2018 மார்ச்சில் கோமோ ஏரியில், டர்போ டீசல் படகொன்றைத் தாமே ஓட்டி மணிக்கு 277 கிலோமீட்டருக்கு மேல் சென்று உலகச் சாதனை படைத்தார். அப்போது அவர் எழுபது வயதைக் கடந்தவர். அடுத்த ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் இரவு, மோண்டி கார்லோவிலிருந்து வெனிஸ் வரையிலான சாதனை ஓட்டம் முடியும் தறுவாயில், வெனிசின் வாயிலில் கட்டப்பட்டிருந்த கல்லணை ஒன்றில் அவருடைய படகு மோதியது. புஸ்ஸியும் அவருடன் சென்றோர் இருவரும் மாண்டனர்.