தரங்கம்பாடியில் தமிழ் கற்ற ஜெர்மானியர்: சீகன்பால்கின் புதிய வீடு

கப்பலேறி வந்து வேற்று மண்ணில் வேரூன்றிய கதை மலேசியத் தமிழருக்குப் புதியதல்ல. அதற்கு எதிர்த்திசையில், ஐரோப்பாவிலிருந்து கப்பலேறித் தமிழ் மண்ணில் குடியேறியவர்கள் பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளூட்சோவும். இந்தியாவுக்கு வந்த முதல் லுத்தரன் மிஷனரிகள் இவர்களே.

ஜெர்மானியர்களான இருவரையும் அனுப்பி வைத்தவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக். 1705 நவம்பரில் கோப்பன்ஹேகனில் புறப்பட்ட அவர்களது கப்பல், 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியை அடைந்தது. தஞ்சை நாயக்கருடன் 1620-இல் செய்த ஒப்பந்தத்தின்படி அவ்வூர் டேனிஷ் வணிகக் குழுமத்தின் வசம் இருந்தது.

வரவேற்பு இனிமையாக இல்லை. சமயப் பணி வணிகத்தைக் கெடுக்கும் என்று குழும அதிகாரிகள் அஞ்சினர். மன்னரின் ஆணை கையில் இருந்தும், கோட்டையில் இருந்த ஆளுநர் ஹாசியஸ் முகம் கொடுக்கவில்லை. தங்குவதற்கு இடம் கிடைப்பதே பெரும்பாடாயிற்று.

மொழி அடுத்த தடை. ஊர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் மாணவர்களுடன் தங்கள் வீட்டிலேயே பள்ளி நடத்தும்படி மிஷனரிகள் கேட்டுக்கொண்டனர். சிறுவர்களுடன் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றனர். எழுத்து பிடிபட்டாலும் பொருள் விளங்கவில்லை. ஆசிரியருக்கோ ஐரோப்பிய மொழி தெரியாது. பிற மொழிகள் அறிந்த அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளர் வந்த பிறகே சிக்கல் தீர்ந்தது. சில மாதங்களில் சீகன்பால்க் தமிழில் பேசத் தொடங்கினார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்து, 1708-இல் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குக் குறிப்புரையுடன் பட்டியல் எழுதினார்.

1707 ஆகஸ்டில் புதிய எருசலேம் தேவாலயம் திறக்கப்பட்டது. ஆனால், மறு ஆண்டு இறுதியில் ஏழை விதவை ஒருவரின் கடன் வழக்கில் தலையிட்டதால் ஆளுநர் சீகன்பால்கைச் சிறையிலிட்டார். நான்கு மாதங்களுக்குப் பிறகே விடுதலை கிடைத்தது. 1711-இல் புளூட்சோ தாயகம் திரும்பினார், சீகன்பால்க் தங்கிவிட்டார்.

அதே ஆண்டில் அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி முடித்தார். அச்சு இயந்திரம் இங்கிலாந்திலிருந்தும் தமிழ் அச்செழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்தும் வந்தன. பெரிய எழுத்துகளுக்குத் தாள் அதிகம் செலவானதால், சிறிய எழுத்துகள் தரங்கம்பாடியிலேயே வார்க்கப்பட்டன. 1715-இல் நூல் முழுமையாக வெளிவந்தது. தமிழில் அச்சு நூல் 1578-இலேயே கொல்லத்தில் வந்துவிட்டது. எனினும், இந்திய மொழியொன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு இதுவே.

தமிழ்த் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதிய ஆய்வு நூலை ஹாலே தலைவர்கள் விரும்பவில்லை. பிற சமயத்தை ஒழிக்கச் சென்றவர் அதைப் பரப்புவதா என்று கேட்டனர். 1867-இல்தான் அது சென்னையில் அச்சேறியது.

1719 பிப்ரவரி 23-ஆம் தேதி, 36-வது வயதில் சீகன்பால்க் காலமானார். 1718-இல் புதிதாகக் கட்டி முடித்த எருசலேம் தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் தொடங்கிய தமிழ் லுத்தரன் மரபு, பின்னர் புலம்பெயர்ந்த தமிழருடன் மலாயாவுக்கும் வந்து சேர்ந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள சீயோன் லுத்தரன் தேவாலயம் அதன் அடையாளமாக இன்றும் நிற்கிறது.