கணக்கு ஒரு பக்கம், அச்சு ஒரு பக்கம்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னிக்கு எபிசோட நான் அசிங்கப்பட்ட ஒரு கதையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஃபைனல் இயர் புராஜெக்ட் வைவா. எக்ஸ்டர்னல் எங்க ரிப்போர்ட்டப் புரட்டிட்டு ரொம்ப மரியாதையா கேட்டாருங்க: "தம்பி, முதல் பக்கத்துல அக்யுரசி 91 சதவீதம்னு போட்டிருக்கீங்க. நாலாவது சேப்டர்ல 88. பின்னாடி டேபிள்ல 89.5. இதுல எது நிஜம்?"

எனக்கு பதில் தெரியல. நாங்க ஏமாத்தல. கோடை மூணு தடவை ஓட்டினோம், மூணு தடவையும் வந்த நம்பரை வேர்டுல காப்பி பேஸ்ட் பண்ணினோம். டேட்டாவை மாத்தினப்போ ஒரு இடத்துல நம்பரை மாத்திட்டு, இன்னொரு இடத்துல மறந்துட்டோம். கோடு ஒரு ஃபைல்ல, ரிப்போர்ட் இன்னொரு ஃபைல்ல, நடுவுல தூங்காத ஒரு பையன். அவ்வளவுதான் விஷயம்.

கணக்கு ஒரு பக்கமும் அச்சு ஒரு பக்கமும் இருந்தா நடுவுல தப்பு நுழையும். இது 200 வருஷத்துக்கும் மேலான பிரச்சனை. இதைத் தீர்க்க யார் யார் என்னென்ன பண்ணினாங்க, அதுல நம்ம ஊர்ப் பஞ்சாங்கத்துக்கு என்ன வேலைங்கிறதுதான் இன்னிக்குக் கதை.

பாதி மெஷின் பிரிண்ட்டுக்கே

1821, லண்டன். சார்லஸ் பாபேஜும் ஜான் ஹெர்ஷலும் உக்காந்து வானியல் அட்டவணைகளைச் சரிபார்க்கிறாங்க. ஒரே கணக்கை ரெண்டு பேர் தனித்தனியா போட்டது. ரெண்டையும் ஒப்பிட்டா தப்பு மேல தப்பு. அந்தக் காலத்துல கடல்ல கப்பல் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கறதே இந்த மாதிரி அட்டவணையை வெச்சுத்தான். ஒரு இலக்கம் மாறினா கப்பல் பாறையில.

பாபேஜ் டிஃபரன்ஸ் எஞ்சின் யோசிச்சது நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆனா பாடப் புத்தகத்துல விட்டுப்போற பாதி ஒண்ணு இருக்கு. தப்பு கணக்குப் போடும்போது மட்டும் வர்றதில்ல. விடையைத் தாள்ல எழுதும்போது வரும். அச்சுக்கோக்கிறவர் ஈய எழுத்தை எடுக்கும்போது வரும். அதனால மெஷினே கணக்குப் போட்டு, மெஷினே அச்சுத் தகடுக்கான வார்ப்பையும் பதிக்கணும்னு பாபேஜ் நினைச்சாரு. நடுவுல மனுஷக் கை படவே கூடாது.

அவர் வாழ்நாள்ல அது முடியல. 1840-களின் கடைசியில அவர் வரைஞ்ச ரெண்டாவது டிஃபரன்ஸ் எஞ்சினை லண்டன் சயின்ஸ் மியூசியம் கட்டினாங்க. கணக்குப் பகுதி 1991-ல முடிஞ்சது, அச்சுப் பகுதி 2002-ல. மொத்தம் சுமார் 8,000 பாகம். அதுல ஏறக்குறைய பாதி அச்சுப் பகுதிக்கு மட்டும்! விடையைச் சரியா தாளுக்குக் கொண்டுபோறது கணக்குப் போடுற அளவுக்கே கஷ்டம்னு அந்த மனுஷன் அப்பவே புரிஞ்சுக்கிட்டாரு.

புதுச்சேரியில ஒரு சந்திர கிரகணம்

அதே 1820-கள்ல நம்ம பக்கம் என்ன நடந்ததுன்னு பாருங்க.

எங்க ஊர் காரமடை. கோயம்புத்தூர்ல இருந்து மேட்டுப்பாளையம் போற ரோட்டுல இருக்கு. மாசி மகத்துக்கு ரங்கநாதர் தேர் பார்க்க சுத்துப்பட்டு ஊரே வரும். எங்க அப்பிச்சி வீட்டுல பஞ்சாங்கம் எப்பவும் ஆணியில தொங்கும். கிரகணம்னா எத்தனை மணிக்குப் பிடிக்குது, எப்போ விடுதுன்னு அதைப் பார்த்துத்தான் சாப்பாடு. சின்ன வயசுல நான் கேட்டிருக்கேன், "அப்பிச்சி, இது அவங்களுக்கு எப்படித் தெரியும்?" "கணக்குத்தான் கண்ணு"ன்னு சொல்லுவாரு. என்ன கணக்குன்னு பஞ்சாங்கத்துல இருக்காது. அவுட்புட் மட்டும் இருக்கும், கோடு இருக்காது.

அந்தக் கோடை எழுதி வெச்சவர் ஜான் வாரன். சென்னை வானாய்வகத்தைக் கொஞ்ச காலம் கவனிச்சவர். 1825-ல சென்னையில 'கால சங்கலித'ன்னு ஒரு தடிப் புத்தகம் போட்டாரு. தென்னிந்தியர்கள் காலத்தை எப்படிக் கணிக்கிறாங்கங்கிறதுதான் அதோட விஷயம். அதுக்காகப் புதுச்சேரியில பஞ்சாங்கம் கணிக்கிற ஒரு தமிழரைப் பக்கத்துல உக்கார வெச்சு, 1825 மே 31 – ஜூன் 1 ராத்திரி வர்ற சந்திர கிரகணத்தைக் கணிச்சுக் காட்டச் சொன்னாரு.

அவர் பேப்பர் எடுக்கல, பேனா எடுக்கல. தரையில சோழியை வெச்சு நகர்த்தி நகர்த்திக் கணக்குப் போட்டாரு. தேவையான அட்டவணை முழுக்க மனப்பாடம், வார்த்தைகளா. வானியல் கோட்பாடு பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வாரனே பதிவு பண்றாரு. ஆனா விடை? கிரகணத் தொடக்கத்துல 4 நிமிஷம் பிழை, நடுவுல 23, முடிவுல 52. வெறும் சோழியும் ஞாபகமும் வெச்சு!

அந்த வார்த்தைகள்தான் வாக்கியம். வாக்கியப் பஞ்சாங்கம்ங்கிற பேரே அதுல இருந்து வந்ததுதான். நிலா ஒரே வேகத்துல நகராது. பூமிக்குக் கிட்ட வந்தா வேகம், தள்ளிப் போனா மெதுவு. கிட்ட இருந்து கிளம்பி மறுபடியும் கிட்ட வர ஏறக்குறைய 27.55 நாள். அதை 9 தடவை போட்டா கிட்டத்தட்ட சரியா 248 நாள். அப்போ 248 நாளைக்கு மட்டும் நிலா எங்கெங்க இருக்கும்னு ஒரு தடவை போட்டு வெச்சுட்டா போதும், திருப்பித் திருப்பி அதையே பயன்படுத்தலாம். வரருசி பேர்ல வழங்குற 248 சந்திர வாக்கியங்கள் அதுதான். கடபயாதி முறையில ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். க, ட, ப, ய நாலுக்கும் 1. சொல்லைச் சொன்னா எண் வந்துரும். நம்ம பாஷையில சொன்னா லுக்கப் டேபிள், அதுவும் பாட்டு மாதிரி மனப்பாடம் பண்ற லுக்கப் டேபிள்.

வாரன் பண்ணின பெரிய வேலை என்னன்னா, விடையை மட்டும் எழுதல. எந்தப் படிக்கு அப்புறம் எந்தப் படி, எந்த எண்ணை எங்க இருந்து எடுத்தாரு, இடையில என்ன வந்தது, எல்லாத்தையும் புத்தகத்துக்குள்ளயே போட்டாரு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவேன்.

டெக், அப்புறம் ஸ்வீவ்

150 வருஷம் தாண்டுவோம். 1977. டொனால்ட் நூத் தன் புத்தகத்தோட ரெண்டாவது பாகத்துக்குப் புதுப் பதிப்பு வருதுன்னு புரூஃப் பார்க்கிறாரு. புது முறை அச்சுல வந்த எழுத்து அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கல. சரி, நானே ஒரு அச்சுக்கோப்பு மென்பொருள் எழுதறேன்னு கிளம்பினதுதான் டெக். நாம இன்னிக்கு ரிசர்ச் பேப்பர் எழுதுற லேட்டெக், அது மேல கட்டினதுதான்.

அந்த டெக்கை எழுதும்போது இன்னொரு யோசனையும் வந்தது. புரோகிராமையும் அதோட விளக்கத்தையும் ஏன் பிரிச்சு வைக்கணும்? ஒரே ஃபைல்ல எழுது. ஒரு கருவி அதுல இருந்து கம்ப்யூட்டருக்கான கோடை எடுக்கட்டும், இன்னொரு கருவி மனுஷங்க படிக்கிற புத்தகத்தை எடுக்கட்டும். முதல் கருவி பேரு டேங்கிள், அதாவது சிக்கல். ரெண்டாவது வீவ், அதாவது நெசவு. 1984-ல இதுக்கு லிட்டரேட் புரோகிராமிங்னு பேர் வெச்சுக் கட்டுரை எழுதினாரு. நெசவுன்னா எங்க கொங்கு நாட்டுல விளக்கம் தேவையில்ல: பாவு ஒண்ணு, ஊடு ஒண்ணு, சேர்ந்தாத்தான் துணி.

ஆனா நூத் நெய்தது கோடையும் விளக்கத்தையும். கோடை ஓட்டி வர்ற விடை அதுல இல்ல. அந்த மூணாவது இழையைச் சேர்த்தவர் ஃபிரெட்ரிக் லைஷ், வியன்னாவுல இருந்த புள்ளியியல்காரர். 2002-ல அவர் கொண்டுவந்தது ஸ்வீவ். எஸ்ங்கிற புள்ளியியல் மொழியோட எழுத்தையும் வீவையும் ஒட்டின பேரு. லேட்டெக் ஆவணத்துக்கு நடுவுலயே, அதே குடும்பத்து ஆர் மொழியில கோடு எழுதலாம். ஃபைலை ஓட்டினா கோடு ஓடி, அந்த இடத்துல டேபிளோ படமோ வந்து உக்காரும். வாக்கியத்துக்கு நடுவுல வர்ற ஒரு எண்ணைக் கூட கையால டைப் பண்ண வேண்டாம், அங்கயே கணக்கா எழுதலாம். டேட்டா மாறினா மறுபடியும் ஓட்டு. 91, 88, 89.5 எல்லாம் ஒரே எண்ணா மாறிரும். பாபேஜோட அச்சுப் பகுதி முடிஞ்ச அதே 2002. உலக டெக் பயனர்கள் மாநாடு நம்ம பக்கத்துத் திருவனந்தபுரத்துல நடந்ததும் அதே வருஷம்தான்.

அப்புறம் வரிசையா வந்தது. டெக்குக்குள்ளயே லுவா மொழியை வெச்ச லுவாடெக், பைத்தானுக்கு பைத்தான்டெக், சேஜுக்கு சேஜ்டெக், ஸ்வீவோட அடுத்த தலைமுறையா 2012-ல யீஹுய் ஷியே எழுதின நிட்டர். நெசவு போய்ப் பின்னல் வந்தது.

ஒரு வரிசை தள்ளிப்போனா

இதெல்லாம் ரிப்போர்ட் அழகுக்குன்னு நினைச்சுராதீங்க. 2006-ல அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகக் குழு ஒண்ணு, எந்தப் புற்றுநோயாளிக்கு எந்த மருந்து வேலை செய்யும்னு ஜீனைப் பார்த்துச் சொல்லலாம்னு ஒரு ஆய்வு வெளியிட்டது. அதை நம்பி நோயாளிகள் மேல சோதனையே ஆரம்பிச்சாங்க.

ஹூஸ்டன்ல எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்துல கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ்னு ரெண்டு பேர் அந்த விடையைத் திரும்ப வரவைக்கப் பார்த்தாங்க. வரல. கோடு கையில இல்லாததால துப்பறிவாளர் மாதிரி பின்னாடி இருந்து தோண்டினாங்க. ஜீன் பட்டியல்ல பேரெல்லாம் ஒரு வரிசை தள்ளிப்போயிருந்தது. சில இடத்துல மருந்துக்குக் கட்டுப்படும், கட்டுப்படாதுங்கிற லேபிளே தலைகீழா இருந்தது. அதாவது வேலை செய்யாத மருந்தை ஒரு நோயாளிக்குக் கொடுக்கச் சொல்லும் ஆபத்து. 2009-ல அவங்க இதைக் கட்டுரையா போட்டாங்க. 2010-ல சோதனைகள் கைவிடப்பட்டு, ஆய்வுக் கட்டுரைகள் ஒவ்வொண்ணா திரும்பப் பெறப்பட்டன. அமெரிக்க அரசோட ஆய்வு நேர்மை அலுவலகம் 2015-ல, இதுல வெறும் கவனக்குறைவு மட்டுமில்ல, முறைகேடும் நடந்திருக்குன்னு முடிவு சொன்னது.

முறைகேட்டை எந்த மென்பொருளும் தடுக்காது. ஆனா பேகர்லி குழு ஒரு முடிவு எடுத்தாங்க: தங்க ரிப்போர்ட்டுகளை ஸ்வீவ்லதான் எழுதறதுன்னு. ஏன்னா விடையோட கோடும் சேர்ந்தே இருந்தா, அடுத்தவர் துப்பறிய வேண்டியதில்ல. ஓட்டிப் பார்த்தா போதும்.

சரி, இப்போ பிரச்சனை தீர்ந்துச்சா?

இல்லைங்க. இன்னிக்கு நாம எல்லாரும் ஜுப்பிட்டர் நோட்புக் பயன்படுத்தறோம். கோடு, விளக்கம், விடை மூணும் ஒரே இடம். ஆனா 2019-ல பிமென்டல் குழுவினர் கிட்ஹப்ல இருந்து லட்சக்கணக்கான நோட்புக்கை எடுத்து ஓட்டிப் பார்த்தாங்க. எரர் இல்லாம முழுசா ஓடினது சுமார் 24 சதவீதம். உள்ள அச்சாகியிருந்த அதே விடை திரும்ப வந்தது சுமார் 4 சதவீதம். செல்களை மேலயும் கீழயும் மாத்தி ஓட்டறோம், எந்த வெர்ஷன் லைப்ரரின்னு எழுதறதில்ல, டேட்டா ஃபைல் நம்ம லேப்டாப்ல மட்டும் இருக்கு. ஒரே ஃபைல்ல இருந்தும், கணக்கும் அச்சும் மறுபடியும் பிரிஞ்சுபோச்சு.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆவணம் கோடை ஓட்டும்னா, யாரோ அனுப்பின ஆவணம் உங்க கம்ப்யூட்டர்ல எதை வேணா ஓட்டலாம். அதனாலதான் லேட்டெக்ல வெளி நிரல்களை இஷ்டத்துக்கு ஓட்டற வசதி இயல்பாவே பூட்டி இருக்கும். ஊர் பேர் தெரியாத ஃபைலுக்கு அந்தப் பூட்டைத் திறக்காதீங்க.

இப்போ வாரனுக்குத் திரும்ப வர்றேன். 1952-ல ஓட்டோ நியூகெபாவர்ங்கிற வரலாற்று ஆசிரியர் 'தமிழ் வானியல்'னு ஒரு கட்டுரை எழுதினாரு. வாரன் மாதிரியானவங்க பதிஞ்சு வெச்ச படிகளைப் பின்தொடர்ந்து, அந்தக் கணக்கு எப்படி வேலை செய்யுதுன்னு பிரிச்சுக் காட்டினாரு. 127 வருஷம் கழிச்சும் அந்தக் கணக்கைப் பின்தொடர முடிஞ்சது. கம்ப்யூட்டர் கிடையாது, சாஃப்ட்வேர் கிடையாது. படி, உள்ளீடு, இடைவிடை, கடைசி விடை எல்லாம் ஒண்ணா இருந்தது, அவ்வளவுதான். விடை 52 நிமிஷம் தப்பா இருந்ததும் நமக்குத் தெரியுது. கோடு கூடவே இருந்தா தப்பைக் கூட நம்பலாம்.

அதனால இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. போன வருஷம் நீங்க எழுதின ஒரு ரிப்போர்ட்டை எடுத்து, முதல்ல இருந்து ஓட்டிப் பாருங்க. அதே எண் வருதான்னு பாருங்க. நான் என்னோட ஃபைனல் இயர் புராஜெக்ட்டைத் தேடினேன். பைண்டிங் பண்ணின ரிப்போர்ட் அம்மா வீட்டு அலமாரியில பத்திரமா இருக்கு. கோடு எங்கயும் இல்ல. 91-ஆ, 88-ஆ, 89.5-ஆ? அந்தக் கேள்விக்கு இன்னும் எங்கிட்ட பதில் இல்லைங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். வரட்டுங்களா.